வெளுக்கும் பவளத் தோட்டம்

உல்லாசப் பயணிகளை வருந்தி வருந்திக் கூப்பிடுகிறது குயின்ஸ்லாந்து. அவர்கள் பார்க்க வரும் அழகோ அடிக்கடி வாடிப் போகிறது. காரணம் என்ன?

காலை நேரம். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கெய்ர்ன்ஸ் நகரத்துப் படகுத் துறையில் ஒரே கூட்டம்!

ஜப்பானியர், சீனர், வெள்ளைக்காரர், இந்தியர் என்று பல நாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தலையில் தொப்பி. தோளில் துண்டு. குழந்தைகளின் கையில் நீச்சல் கண்ணாடி.

படகு புறப்படுகிறது. சுமார் 2 மணி நேரம் ஓடுகிறது. கரை மறைந்துவிட்டது. சுற்றிலும் கருநீலக் கடல். திடீரென்று ஓர் இடத்தில் தண்ணீரின் நிறம் மாறுகிறது. நீலம் போய் இளம் பச்சை வருகிறது. படகு நிற்கிறது.

அங்கே இன்னொரு படகு தயாராக இருக்கிறது. அதன் அடிப்பக்கம் கண்ணாடியால் ஆனது. அதில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால், மான் கொம்பு போல ஒரு பவளம் தெரிகிறது. மனித மூளை போல மற்றொன்று. விசிறி போல ஒன்று. வட்ட மேஜை போல இன்னொன்று. நடுவே கூட்டம் கூட்டமாக வண்ண மீன்கள். ஓர் ஆமை அவசரம் இல்லாமல் நீந்திப் போகிறது.

கடலுக்குள் ஒரு தோட்டம்!

இதுதான் உலகப் புகழ் பெற்ற பெரும் தடுப்புப் பவளத்திட்டு. "கிரேட் பாரியர் ரீப்" என்று வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பெயரை உலகம் முழுவதும் பரப்பியது இந்தத் தோட்டம்தான்.

கன்னியாகுமரியில் இருந்து டெல்லி வரை

இதன் நீளம் 2,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து டெல்லிக்கு நேர்கோடு போட்டால் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு. பரப்பிலோ நம் தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு!

இது ஒரே பாறை அல்ல. சுமார் 3 ஆயிரம் தனித்தனித் திட்டுகள் சேர்ந்தது. 1,500-க்கும் மேற்பட்ட மீன் ஜாதிகள் இங்கே வாழ்கின்றன. உலகத்தில் உள்ள கடல் ஆமை வகைகள் 7. அவற்றில் 6 வகைகளை இங்கே காணலாம். 1981-ல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வெள்ளைக்காரர்களுக்கு இதன் அறிமுகம் ஓர் ஆபத்தில்தான் ஆரம்பமானது. 1770 ஜூன் மாதம், ஓர் இரவில், கேப்டன் குக்கின் "எண்டெவர்" கப்பல் இந்தப் பாறையில் மோதியது. கப்பலில் ஓட்டை விழுந்தது. பீரங்கிகளைக் கடலில் எறிந்து பாரத்தைக் குறைத்து, எப்படியோ கரை சேர்ந்தார்கள். கப்பலைப் பழுது பார்க்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த இடத்தில்தான் இன்று குக்டவுன் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பகுதியின் பழங்குடி மக்கள் பேசிய மொழியில் இருந்துதான் "கங்காரு" என்ற சொல் உலகத்துக்குக் கிடைத்தது.

மாநிலம் எவ்வளவு பெரியது?

ஆஸ்திரேலியாவின் இரண்டாவது பெரிய மாநிலம் குயின்ஸ்லாந்து. இந்தியாவில் பாதிக்கு மேல் இருக்கும். ஆனால் ஜனத்தொகை சுமார் 55 லட்சம்தான்! விக்டோரியா மகாராணியின் காலத்தில், 1859-ல் இது தனிக் காலனி ஆனது. "மகாராணியின் நாடு" என்பதே பெயரின் பொருள்.

தலைநகரம் பிரிஸ்பேன். 2032-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தை நடத்தும் உரிமை இந்த நகரத்துக்குக் கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே கோல்டு கோஸ்ட் என்னும் தங்கக் கடற்கரை. மணலை ஒட்டி வானளாவிய கட்டிடங்கள். அலைமேல் பலகை போட்டுச் சறுக்கும் இளைஞர்கள்.

வடக்கே போனால் கர்ரி தீவு. பழைய பெயர் பிரேசர் தீவு. பழங்குடி மக்கள் வைத்த பெயரையே 2023-ல் மீண்டும் சூட்டினார்கள். முழுக்க முழுக்க மணலால் ஆன தீவுகளில் உலகத்திலேயே பெரியது இதுதான். மணலின்மேல் காடு! காட்டுக்குள் பளிங்கு போன்ற ஏரிகள்! "டிங்கோ" என்ற காட்டு நாய்கள் இங்கே சுதந்திரமாகத் திரிகின்றன.

இன்னும் வடக்கே விட்சண்டே தீவுகள். அங்கே ஒரு கடற்கரையில் மணல் சர்க்கரை போல வெள்ளையாக இருக்கும். அதையும் தாண்டினால் கெய்ர்ன்ஸ். பிரிஸ்பேனில் இருந்து சுமார் 1,700 கிலோமீட்டர். ரயிலில் போனால் ஒரு முழு நாள் ஆகும்.

கெய்ர்ன்சுக்கு வடக்கே டெயின்ட்ரி மழைக்காடு. உலகத்தின் மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்று. ஆள் உயரம் உள்ள கசோவரி என்ற பறவை அங்கே வாழ்கிறது. அதற்குப் பறக்கத் தெரியாது. கோபம் வந்தால் காலால் உதைக்கும்!

இப்படிப் பார்க்க வேண்டியவை எத்தனையோ. ஆனால், இவை எல்லாம் தாமாகவே தப்பிப் பிழைத்து விடவில்லை. பலவற்றைப் போராடித்தான் காப்பாற்றினார்கள்.

சுண்ணாம்புக்குப் பவளமா?

1967-ல் ஒருவர் சர்க்காரிடம் மனுப் போட்டார். இன்னிஸ்பெயில் நகருக்கு அருகே கடலில் உள்ள எல்லிசன் திட்டு என்ற பவளத்திட்டை வெட்டி எடுக்க அனுமதி கேட்டார். எதற்காக? கரும்பு வயலுக்குச் சுண்ணாம்பு போட!

"செத்துப் போன பாறைதானே, வெட்டினால் என்ன?" என்பது அவர் தரப்பு வாதம்.

அதை எதிர்த்து எழுந்தவர்கள் மிகச் சிலர். ஜூடித் ரைட் என்ற பெண் கவிஞர், ஜான் பஸ்ட் என்ற ஓவியர், லென் வெப் என்ற காட்டு விஞ்ஞானி ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். அந்தத் திட்டு உயிரோடு இருக்கிறது என்பதைக் கடலுக்குள் இறங்கிப் பார்த்து நிரூபித்தார்கள். 1968-ல் மனு தள்ளப்பட்டது.

அதோடு சண்டை முடியவில்லை. அடுத்து எண்ணெய்க் கிணறு தோண்டும் பேச்சு வந்தது. ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். கடைசியில் 1975-ல் மத்திய சர்க்கார் கடல் பூங்காச் சட்டம் கொண்டு வந்தது. பவளத்தோட்டத்துக்குக் காவல் கிடைத்தது.

டெயின்ட்ரி காட்டின் கதையும் இதே போலத்தான். 1988-ல் அந்த மழைக்காடுகளை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கினார்கள். மரம் வெட்டுவது நின்றது. மாநில சர்க்காருக்கு அது பிடிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனது. 1989-ல் மத்திய சர்க்காருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மரம் அறுக்கும் ஆலைகளில் பலர் வேலை இழந்தார்கள். அது மறைக்க முடியாத உண்மை. ஆனால் அன்று எந்தக் காட்டைக் காப்பது பிழைப்புக்கு இடைஞ்சல் என்றார்களோ, அந்தக் காட்டைக் காட்டித்தான் இன்று அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள்.

2021-ல் டெயின்ட்ரி தேசியப் பூங்கா அதன் பழைய சொந்தக்காரர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் குக்கு யலாஞ்சி என்ற பழங்குடி மக்கள். இப்போது சர்க்காரோடு சேர்ந்து அவர்களும் பூங்காவை நிர்வகிக்கிறார்கள்.

வேட்டைக்களம் விடுதியானது

திமிங்கலத்தின் கதை இன்னும் அதிசயமானது.

பிரிஸ்பேனுக்கு எதிரே மோர்ட்டன் தீவில் டாங்கலூமா என்று ஓர் இடம். 1952 முதல் 1962 வரை அங்கே திமிங்கல வேட்டைத் தொழில் நடந்தது. பத்தே ஆண்டுகளில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூனல் முதுகுத் திமிங்கலங்களை வெட்டி எண்ணெய் காய்ச்சினார்கள். பிறகு தொழில் நின்றது. யாரும் மனம் திருந்தி நிறுத்தவில்லை. பிடிப்பதற்குத் திமிங்கலம் இல்லை, அதனால் நின்றது!

மிச்சம் இருந்தவை சில நூறுதான். வேட்டை தடை செய்யப்பட்டது. திமிங்கலங்கள் மெல்ல மெல்லப் பெருகின. இன்று அந்தக் கிழக்குக் கரையில் 40 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

டாங்கலூமாவில் இப்போது உல்லாச விடுதி இருக்கிறது. கொஞ்சம் வடக்கே ஹார்வி விரிகுடா. அங்கே ஜூலை முதல் அக்டோபர் வரை தாயும் குட்டியுமாகத் திமிங்கலங்கள் துள்ளுவதைப் படகில் போய்ப் பார்க்கலாம். கொன்று சம்பாதித்தது பத்து ஆண்டு. உயிரோடு காட்டிச் சம்பாதிப்பதோ ஆண்டுதோறும் நடக்கிறது.

வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்

ஆனால் இன்று வந்திருக்கும் எதிரி வேறு மாதிரி. கோர்ட்டு உத்தரவால் இவனைத் தடுக்க முடியாது. வேலி போட்டாலும் நிற்க மாட்டான். இவன் பெயர் வெப்பம்.

பவளம் என்பது கல் அல்ல. செடியும் அல்ல. அது சின்னஞ்சிறு பிராணி. கோடிக் கணக்கான பிராணிகள் சேர்ந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கின்றன. அதுவே பவளப்பாறை ஆகிறது.

இந்தப் பிராணியின் உடம்புக்குள் ஒரு வகைப் பாசி குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி. பவளம் வீட்டுக்காரர் என்றால், பாசி குடித்தனக்காரர். பாசி சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அதில் பெரும் பங்கைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுக்கிறது. நாம் பார்த்து வியக்கும் நிறங்களும் பெரும்பாலும் பாசியின் நிறம்தான்.

கோடையில் கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகி, சில வாரம் அப்படியே நீடித்தால் போதும். இருவருக்கும் ஒத்துப் போகாது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய்விடும். உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளை வெளேர் என்று தெரியும். இதைத்தான் "பவளம் வெளுப்பது" என்கிறார்கள்.

வெளுத்த உடனே பவளம் செத்துவிடாது. பட்டினியாகக் கிடக்கும். கடல் சீக்கிரம் குளிர்ந்தால் குடித்தனக்காரர் திரும்பி வருவார், பவளம் பிழைக்கும். குளிரவில்லை என்றால் சாவுதான்.

அடிமேல் அடி

பெரிய அளவில் வெளுப்பு ஏற்பட்டது 1998-ல். அடுத்து 2002-ல். பிறகு 14 ஆண்டு பெரிய வெளுப்பு வரவில்லை.

அதன்பின் 2016, 2017, 2020, 2022, 2024, 2025! பத்து ஆண்டுகளுக்குள் ஆறு முறை!

2016-ல் மட்டும், ஆழம் குறைந்த பகுதிகளில் இருந்த பவளத்தில் சுமார் 30 சதவிகிதம் செத்தது. 2022-ல் நடந்தது விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது. அது "லா நினா" ஆண்டு. கடல் கொஞ்சம் குளிர்ந்திருக்க வேண்டிய ஆண்டு. அப்போதும் வெளுத்தது!

பழைய பவளங்களைத் துளைத்து எடுத்து, அவற்றில் பதிந்திருக்கும் வளர்ச்சி வளையங்களையும் ரசாயனத் தடயங்களையும் ஆராய்ந்தார்கள். அண்மைக் காலத்துக் கோடைகளில் இருந்த வெப்பம், 400 ஆண்டுகளில் இல்லாத வெப்பம் என்று 2024-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

வேறு எதிரிகளும் உண்டு. கரும்பு வயல்களில் போடும் உரம் மழையில் கரைந்து கடலுக்கு வருகிறது. முள் நட்சத்திர மீன் என்ற பிராணி பவளத்தை மேய்கிறது. புயல் உடைக்கிறது. இவற்றை எல்லாம் ஓரளவு சமாளிக்கலாம். முள் நட்சத்திர மீனுக்கு ஊசி போட்டுக் கொல்ல ஆட்களே இருக்கிறார்கள். அவர்கள் வினிகரைக்கூட ஊசியில் ஏற்றுகிறார்கள். கடலின் சூட்டைக் குறைக்கத்தான் ஊசி இல்லை.

வாழை வளர்ந்த கதை

"2022-ல் பவளம் நன்றாக வளர்ந்தது என்று செய்தி வந்ததே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அந்தச் செய்தி பொய் அல்ல. வடக்கிலும் நடுப்பகுதியிலும் 36 ஆண்டுகளில் காணாத அளவு பவளம் பரவியிருந்தது உண்மை. ஆனால் பெரும்பாலும் வளர்ந்தவை எவை? மான் கொம்பு, மேஜை போன்ற வேகமாக வளரும் ஜாதிகள்.

தென்னந்தோப்பு விழுந்த இடத்தில் வாழை வைத்தால் சீக்கிரம் பச்சை தெரியும். ஒரு காற்று அடித்தால் வாழை சாய்ந்துவிடும். பவளமும் அப்படித்தான். வேகமாக வளரும் ஜாதிகளைத்தான் வெப்பம் முதலில் தாக்கும்; புயல் முதலில் உடைக்கும்; முள் நட்சத்திர மீன் முதலில் தின்னும்.

2025 ஆகஸ்டில் வந்த அறிக்கை அதைக் காட்டிவிட்டது. ஒரே ஆண்டில் வடக்கில் கால் பங்கும், தெற்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் பவளம் குறைந்துவிட்டது. 39 ஆண்டு கணக்கெடுப்பில் அந்த இரு பகுதிகளும் ஒரே ஆண்டில் இவ்வளவு இழந்தது இல்லை.

ஆகவே, "பவளத்தோட்டம் செத்துவிட்டது" என்பதும் தவறு. "ஒன்றும் ஆகவில்லை" என்பதும் தவறு. அடி பட்டால் எழுந்திருக்கும் பலம் அதற்கு இருக்கிறது. எழுந்திருக்க அவகாசம்தான் கிடைக்கவில்லை.

ஆமைக்கும் ஆபத்து

வெப்பத்தால் வாடுவது பவளம் மட்டும் அல்ல.

கடல் ஆமையின் முட்டையில் இருந்து வருவது ஆணா, பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு அதிகமானால் பெண் குஞ்சு. பவளத்திட்டின் வட பகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 99 பெண்! இது 2018-ல் வெளியான தகவல்.

வடகோடியில் பிராம்பிள் கே என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மட்டும் ஒரு வகை எலி வாழ்ந்தது. கடல் ஏறி ஏறித் தீவின் செடிகளை அழித்தது. எலிக்கு இரையும் இல்லை, மறைவிடமும் இல்லை. அந்த இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று 2019-ல் ஆஸ்திரேலிய சர்க்கார் அறிவித்தது. மனிதன் உண்டாக்கிய பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று அதைச் சொல்கிறார்கள்.

ஒரு கையில் பவளம், மறு கையில் கரி

கடல் ஏன் சூடாகிறது? நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை உலகம் எரிக்கிறது. அந்தப் புகை பூமியைப் போர்வை போலப் போர்த்திச் சூட்டை உள்ளேயே வைக்கிறது. அந்தச் சூட்டில் மிகப் பெரும் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது.

இங்கேதான் குயின்ஸ்லாந்தின் சங்கடம் இருக்கிறது. அந்த மாநிலம் நிலக்கரி விற்கும் மாநிலம்! அங்கே போவன் வட்டாரத்தில் வெட்டும் கரி, உருக்கு ஆலைகளுக்கு உயர்ந்த ரகம். பவளக்கடலின் ஓரமாக இருக்கும் துறைமுகங்களில் இருந்தே அது கப்பல் ஏறுகிறது.

வாங்குவது யார்? ஜப்பான், தென் கொரியா, இந்தியா போன்ற நாடுகள். நம் நாட்டு உருக்கு ஆலைகளிலும் குயின்ஸ்லாந்து கரி எரிகிறது. இந்தியாவின் அதானி நிறுவனம் அங்கே ஒரு சுரங்கத்தையே நடத்துகிறது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகுதான் அதன் முதல் கரிக் கப்பல் புறப்பட்டது.

கரியால் மாநில சர்க்காருக்கு ஏராளமான வருமானம். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணமும் போகிறது. சுரங்கத் தொழிலாளிக்கு நல்ல சம்பளம். அவர் வீட்டிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். "சுரங்கத்தை நாளைக்கே மூடு" என்று சொல்வது சுலபம். அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்வது சுலபம் அல்ல.

அதே சமயம், பவளத்தோட்டத்தை நம்பியும் குடும்பங்கள் இருக்கின்றன. படகோட்டி, ஓட்டல் சிப்பந்தி, கடைக்காரர், மீனவர் என்று பலர். பவளத்திட்டால் ஆண்டுக்கு 640 கோடி ஆஸ்திரேலிய டாலர் வருமானமும், 64 ஆயிரம் பேருக்கு வேலையும் கிடைப்பதாக 2017-ல் ஒரு மதிப்பீடு சொன்னது.

சுரங்கத்தை மூடினால் வேறு தொழில் தொடங்கலாம். நாளாகும், கஷ்டம்தான், ஆனாலும் முடியும். பவளம் அழிந்தால் வேறு பவளத்திட்டை எங்கே போய்க் கட்டுவது?

குயின்ஸ்லாந்து மட்டும் மனம் வைத்தால் போதாது என்பதும் உண்மை. விற்பவருக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவு பொறுப்பு வாங்கி எரிப்பவருக்கும் உண்டு. ஆகாய விமானத்தில் பறந்து போய்ப் பவளம் பார்க்கும் பயணிக்கும் அதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

மன்னார் கடலிலும் அதே கதை

இது எங்கோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் நமக்கும் பவளத்திட்டு இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் இங்கேயும் உண்டு. 1998-லும் 2016-லும் குயின்ஸ்லாந்தை வெளுக்க வைத்த அதே உலக வெப்பம், நம் மன்னார் பவளத்தையும் வெளுக்க வைத்தது.

போகிறவர்கள் கவனிக்க

குயின்ஸ்லாந்துக்குப் போக வசதி உள்ளவர்கள் போகலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். அங்கே டிசம்பர்தான் கோடை. வடக்கே மழையும் புயலும் அப்போதுதான். நவம்பர் முதல் மே வரை வடபகுதிக் கடலில் விஷச் சொறி மீன்கள் இருக்கும். உடம்பை மூடும் உடை போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆற்றங்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால், அது வேடிக்கைக்கு வைத்தது அல்ல!

பவளத்தைத் தொடக் கூடாது. அதன்மேல் நிற்கக் கூடாது. ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது. சுற்றுலாப் படகில் போகும் பயணிகளிடம் கடல் பூங்காப் பராமரிப்புக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் பவளத்தின் காவலுக்குப் போகிறது.

கண்ணாடிப் படகில் குனிந்து பார்க்கும் குழந்தைகள் சில இடங்களில் வெள்ளையாக எதையோ காணலாம். "அது ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்கலாம். "அது ஒரு வகைப் பவளம்" என்று சொல்லி மழுப்பாமல், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

1967-ல் எல்லிசன் திட்டைக் காப்பாற்றியவர்களும் அதைத்தான் செய்தார்கள். "செத்த பாறை" என்று பிறர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. கடலில் இறங்கித் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததை ஊருக்குச் சொன்னார்கள். பவளம் பிழைத்தது.